முதல் இரண்டு சுற்று: கண்டியூட் குழாயில் கையால் மரை வெட்டும் கேள்வி

எஃகுக் கண்டியூட் குழாயின் ஒரு முனையில் கை டையால் வெட்டிய மரை, விரலை ஓட்டினால் எங்கும் தட்டாமல் வழுக்கிப் போகிறது. அதே குழாயின் மறுமுனையில் முகடு பிய்ந்து, ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் வெறும் கீறலாகவும் வந்து நிற்கிறது. டை மாறவில்லை, எண்ணெய் மாறவில்லை, வெட்டிய ஆளும் மாறவில்லை. இது ஏன் என்ற கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஃகுக் குழாய் வயரிங் தொழிலுக்குள் வந்த நாளிலிருந்தே விடைகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. டை மழுங்கிவிட்டது என்பார் ஒருவர். எண்ணெய் போதவில்லை, அல்லது போட்ட எண்ணெயே தவறு என்பார் இன்னொருவர். அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்னால் திருப்பிச் சுருளை உடைக்கவில்லை என்பது மூன்றாவது விடை. முனையை நேராக அறுக்கவில்லை என்பது நான்காவது. எல்லாவற்றுக்கும் கைப்புத்தக ஆதாரமும் உண்டு, பட்டறை ஆதாரமும் உண்டு. சிக்கல் என்னவென்றால், நல்ல கைப்புத்தகங்களே ஒன்றுக்கொன்று நேர் எதிராகப் பேசுகின்றன.

இந்த முரண்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு புலப்படுகிறது. விதிகளில் பெரும்பாலானவை, அவை பிறந்த இடத்தில் சரியானவை: ஒரு வகைக் கருவி, ஒரு வகை மரை, ஒரு வகைப் பயன் என்று மூன்றும் சேர்ந்த ஒரு மரபுக்குள் அவை செல்லும். இன்னொரு மரபுக்குத் தூக்கிப் போனால் பிசகுகின்றன. எந்த மரபிலும் மாறாமல் நிற்பது, டை குழாயின் அச்சோடு நேராகத் தொடங்கியதா என்ற ஒன்றுதான். இந்தியப் பட்டறைகளில் மூன்று மரபுகளின் கருவிகளும் ஒரே பெட்டியில் கிடப்பதால், இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்ப்பது இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மூன்று மரபுகள்

குழாயில் மரை வெட்டுவது மின்தொழிலாளியின் கண்டுபிடிப்பு அல்ல. எரிவாயுக் குழாய்க்காரரிடமிருந்து வந்த தொழில் அது. லண்டனில் எரிவாயு விளக்குகள் வந்த தொடக்க காலத்தில் பழைய துப்பாக்கிக் குழல்களையே ஒன்றோடொன்று இணைத்ததாகச் சொல்வதுண்டு. 1825இல் கார்னீலியஸ் வைட்ஹவுஸ் பற்றவைத்த இரும்புக் குழாய்க்குக் காப்புரிமை பெற்ற பிறகு குழாய் மலிந்தது. 1841இல் ஜோசப் விட்வொர்த் 55 பாகைக் கோணமுள்ள மரையைப் பொது அளவாக முன்மொழிந்தார். நம் ஊர்த் தண்ணீர்க் குழாய்களின் பி.எஸ்.பி. மரை இன்றும் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் பிரிக்ஸ் வகுத்த 60 பாகை மரை 1886இல் பொதுவாக ஏற்கப்பட்டது. 16க்கு 1 என்ற சரிவில் கூம்பி வரும் அந்த மரைதான் இன்றைய என்.பி.டி.

மின்சாரம் வந்தபோது இரு நாடுகளும் இரு வழியில் போயின. அமெரிக்கர்கள் தண்ணீர்க் குழாயின் அளவையும் கூம்பு மரையையும் அப்படியே கண்டியூட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அரை அங்குலக் குழாய்க்குச் சுவர்த் தடிப்பு சுமார் 2.6 மி.மீ., அங்குலத்துக்கு 14 மரை. பிரிட்டிஷார் குழாய்க்காரரை விட்டு விலகி, வெளிவிட்டத்தையே அளவுப் பெயராக வைத்து, மெல்லிய சுவரில் சரிவில்லாத இணைமரையை வெட்டினார்கள். முக்கால் அங்குலக் கண்டியூட் என்றால் வெளிவிட்டமே முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. 1970இல் பி.எஸ். 4568 தரநிலை வந்து இதை மெட்ரிக்காக்கியது. 16, 20, 25, 32 மி.மீ. குழாய் எல்லாவற்றுக்கும் 1.5 மி.மீ. இடைவெளி, 60 பாகைக் கோணம். இந்தியாவின் ஐ.எஸ். 9537 இந்தப் பாதையில்தான் நடக்கிறது. 32 மி.மீ. வரையுள்ள குழாய்க்கு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. தடிப்பு என்று அரசுக் கட்டடப் பணிகளின் மின்குறிப்புகள் கேட்கின்றன.

மூன்றாவது மரபு பிளம்பருடையது. கண்டியூட் டை கைக்குக் கிடைக்காத இடத்தில் அரை அங்குல பி.எஸ்.பி. டையை 20 மி.மீ. குழாயில் ஏற்றிப் பார்ப்பது இங்கே நடக்காத காரியமல்ல. அரை அங்குல பி.எஸ்.பி. மரையின் வெளிவிட்டம் 20.96 மி.மீ., அடிவிட்டம் 18.63 மி.மீ. ஆகவே 20 மி.மீ. குழாயில் அந்த டை 0.7 மி.மீ. ஆழம்கூட வெட்டாது, முகடு மொட்டையாக நிற்கும். இடைவெளியும் 1.81 மி.மீ. என்பதால் குழாய்களை இணைக்கும் 20 மி.மீ. கப்ளர் ஒரு சுற்றுக்கு மேல் ஏறாது. இதைவிட ஏமாற்றக்கூடியது ஒரு அங்குலப் பழைய கண்டியூட்டுக்கும் 25 மி.மீ. புதிய கண்டியூட்டுக்கும் உள்ள நெருக்கம். விட்டத்தில் 0.4 மி.மீ. வித்தியாசம்தான், மரை இடைவெளி 1.59, 1.50. கப்ளர் மூன்று நான்கு சுற்று ஏறிவிடும். எட்டு மரை போவதற்குள் 0.7 மி.மீ. முரண் சேர்ந்து இறுகிக்கொள்ளும். அதை நல்ல இறுக்கம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பழைய ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் புதிய வயரிங்கைப் பழையதோடு இணைக்கும் இடங்களில் மரை பிய்ந்திருந்தால், டையைக் குறை சொல்வதற்கு முன் இந்த முரண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

திருப்பிச் சுழற்றுவதா, நிற்காமல் போவதா

அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. தொழிற்பயிற்சி நிலைய மாணவர் முதலில் கற்கும் விதி இதுதான். நீளச் சுருளாக வரும் எஃகு, டையின் இடுக்கில் அடைத்துக்கொண்டு மரையைக் கிழிக்கும். பின்னால் திருப்பினால் சுருள் முறிந்து விழும். காரணம் தெளிவு. வட்ட டைக்கு இது பெரும்பாலும் உண்மையும்கூட. ஏனென்றால் வட்ட டை, ஆணிக்கு மரை வெட்டப் பிறந்தது. அதன் சுருள் துளைகள் குறுகலானவை.

ராட்செட் டைத்தலை வேறு சாதி. நான்கு தனித்தனி வெட்டுத் துண்டுகள் ஒன்று முதல் நான்கு வரை எண்ணிட்ட பள்ளங்களில் வரிசை மாறாமல் அமர்ந்திருக்கும். நடுவே சுருள் விழ அகன்ற வாய். இந்த டையைப் பாதியில் பின்னால் திருப்பினால் நன்மையைவிடத் தீமை கூடுதலாக இருக்கக்கூடும். முறியாத சுருளின் வேர், வெட்டுமுனையின் முதுகுப் பக்கத்தில் சிக்கி, அப்போதுதான் வெட்டிய மரையையே உரசும். ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் மரையில் ஒரு சிறு படி விழும். குழாய் டையோடு பழகியவர்கள் நிற்காமல் போ என்பதும், ஆணி டையோடு பழகியவர்கள் திருப்பு என்பதும் இதனால்தான். அவரவர் டைக்கு அவரவர் சொல்வது சரி. திருப்பாததால் மரை கெட்டது என்ற விளக்கத்தை ஏற்பதற்கு முன் எந்த டை என்று கேட்டாக வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

டை மழுங்கியிருக்கிறது என்ற விளக்கத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மழுங்கிய டை கெட்ட மரையைத்தான் வெட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மழுங்கிய டை சுற்றுவட்டம் முழுவதிலும் ஒரே மாதிரி கிழிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் போயிருப்பதற்கு மழுங்கல் காரணமாகாது.

எண்ணெய்

தொழிலில் சூடான வாதம் நடப்பது எண்ணெயைப் பற்றித்தான். அமெரிக்கப் பட்டறைகளில் முன்பு பன்றிக் கொழுப்பெண்ணெய், பிறகு கந்தகம் சேர்த்த கனிம எண்ணெய். பிரிட்டனில் மாட்டுக் கொழுப்பு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தேங்காய் எண்ணெய். அவசரத்துக்கு மோட்டார் எண்ணெய், அதுவும் இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீர். வெட்டும்போது திரவம் ஊற்றுவதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: ஒன்று குளிர்விப்பது, மற்றது வழுக்க வைப்பது. எஃப்.டபிள்யூ. டெய்லர் 1906இல் முன்வைத்த உலோக வெட்டு ஆய்வில், வெட்டும் இடத்தில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினால் கடைசல் வேகத்தை சுமார் 40 சதவீதம் கூட்ட முடியும் என்று காட்டினார். அது குளிர்விப்பின் வெற்றி. கை டையில் அந்தத் தர்க்கத்துக்கு இடமில்லை. 20 மி.மீ. குழாயை நிமிடத்துக்குப் பத்துச் சுற்று வேகத்தில் வெட்டினால் டையின் முனை நிமிடத்துக்கு 0.63 மீட்டர்தான் நகர்கிறது. கடைசலில் சாதாரணக் கருவி எஃகுக்கே அதைப் போல் பல மடங்கு வேகம் உண்டு. கையால் வெட்டும்போது ஆற வேண்டிய அளவுக்குச் சூடு பிறப்பதில்லை.

மிச்சமிருப்பது வழுக்கல். வில்லியம் பேட் ஹார்டி 1920களில் விளக்கியபடி, மெதுவான வேகத்தில் இரு உலோகங்களுக்கு இடையே எண்ணெய்ப் படலம் தடித்து நிற்பதில்லை. உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் கொழுப்பு மூலக்கூறுகளின் மெல்லிய அடுக்குதான் வேலை செய்கிறது. மென்மையான எஃகு வெட்டுமுனையில் ஒட்டிக்கொண்டு, பிறகு பிய்ந்து, மரையின் பக்கங்களைச் சொரசொரப்பாக்குவதைத் தடுப்பது இந்த அடுக்கே. பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் தேங்காய் எண்ணெயும் வேறு வேறு கண்டத்தில் ஒரே வேலைக்குத் தேர்வானதன் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்: மூன்றும் கொழுப்பு அமிலம் நிறைந்தவை. கந்தகம் சேர்த்த எண்ணெயின் முழுத் திறமை சூடும் அழுத்தமும் கூடும்போதுதான் வெளிப்படும் என்பதால், இயந்திர டைக்கு அது தரும் நன்மையைக் கை டைக்கும் தரும் என்று அப்படியே கொள்ள முடியாது. மோட்டார் எண்ணெய் இந்த வேலைக்கு வந்ததே அல்ல. வெட்டுவதற்கல்ல, ஓடும் பாகங்கள் உரசாமல் இருப்பதற்கு வடித்த எண்ணெய் அது.

தேங்காய் எண்ணெய்க்கு ஆதரவாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர் இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். துருப்பிடிக்காத எஃகைக் கடைந்து பார்த்ததில், கருவித் தேய்மானத்திலும் பரப்பு வழவழப்பிலும் கனிம எண்ணெய் வகைகளைவிடத் தேங்காய் எண்ணெய் மேலாக வந்தது. ஆனால் அது கடைசல் இயந்திரத்தில், கார்பைடு கருவியில், வேறு வகை எஃகில் செய்த சோதனை. கண்டியூட் முனையில் அதே முடிவு வரும் என்று அதை வைத்து வாதிட முடியாது. ஒத்துப்போகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இருபத்து நான்கு பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும் என்பதையும் ஊட்டியில் வேலை செய்கிறவர்கள் கணக்கில் வைக்க வேண்டியிருக்கும்.

எண்ணெயை எவ்வளவு ஊற்றுவது என்பதில் மின்தொழிலாளி பிளம்பரிடமிருந்து மாறுபட்டே ஆக வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குள் எண்ணெய் வழிந்தால் கழுவிப் போகும். கண்டியூட்டுக்குள் வழிந்தால் கம்பியின் மேலுறையில் தங்கும். ரப்பர் உறைக் கம்பிகள் இருந்த காலத்தில் எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கெட்டது. டையை நனைக்கும் அளவுக்கு எண்ணெய், வெட்டி முடித்ததும் உள்ளும் புறமும் துணியால் துடைப்பு என்ற பழைய பிரிட்டிஷ் பழக்கத்தின் காரணம் அது. மொத்தத்தில், கொழுப்புள்ள ஏதோ ஒரு எண்ணெய் இருந்தால் போதும் என்ற அளவில்தான் சான்றுகள் நிற்கின்றன. எண்ணெய் இல்லாமல் மரை கெடும். எண்ணெயை மாற்றியதால் சாய்ந்த மரை நேராகாது.

மிஞ்சும் 0.68 மி.மீ.

20 மி.மீ. குழாயின் சுவர் 1.6 மி.மீ. இதில் 1.5 மி.மீ. இடைவெளி மரை வெட்டினால் ஆழம் 0.92 மி.மீ. மரையின் அடியில் மிஞ்சும் எஃகு 0.68 மி.மீ.; சுவரில் பாதிகூட இல்லை. டை குழாயின் அச்சோடு 1 பாகை சாய்ந்து தொடங்கி 15 மி.மீ. நீளம் வெட்டினால், முடிவில் மரையின் அச்சு 0.26 மி.மீ. விலகியிருக்கும். ஒரு பக்கம் 0.42 மி.மீ. சுவர்தான் மிச்சம், எதிர்ப்பக்கம் மரை அந்த அளவு ஆழம் குறைந்திருக்கும். சாய்வு இரண்டரைப் பாகையைத் தாண்டினால், கடைசி மரையில் டை சுவரைத் துளைத்து வெளிச்சம் தெரியும். கைப்பிடியைக் கொஞ்சம் பலமாக அழுத்தினாலே குழாய் முனை மோதிரம் போல ஒடிந்து கையில் வரும். பட்டறைகளில் பைப் பலவீனம் என்று சொல்லப்படும் உடைப்புகளில் ஒரு பகுதி இந்தக் கணக்கில் அடங்கும். அமெரிக்க அரை அங்குலக் குழாயில் 2.6 மி.மீ. சுவரிலிருந்து 1.45 மி.மீ. ஆழம் போனாலும் 1.2 மி.மீ.க்கு அருகே மிஞ்சுகிறது. சாய்வைத் தாங்கும் இடம் ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த நாட்டுக் கைப்புத்தகங்கள் தொடக்கத்தைவிட எண்ணெய்க்கும் நீளத்துக்கும் கூடுதல் இடம் ஒதுக்குவதில் வியப்பில்லை. அவர்களுடைய குழாய் மன்னிக்கும் தவறை நம்முடையது மன்னிப்பதில்லை.

இதற்கு முதல் மறுப்பு, டை போகப் போகத் தானாக நேராகிவிடும் என்பது. அப்படி நடப்பதற்கு வழியில்லை. இரண்டு மூன்று மரை விழுந்ததும் டை தான் வெட்டிய மரையையே பிடித்துக்கொண்டு நட்டுப் போல நகர்கிறது. அதன் பிறகு கைப்பிடியை வளைத்துத் திருத்தினால் மரையின் பக்கங்கள் அகன்று தளர்கின்றனவே தவிர அச்சு மாறுவதில்லை. ஆகவே திருத்துவதற்கு உள்ள கால அளவு முதல் இரண்டு சுற்றுதான்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: டைத்தலையின் பின்புறம் வழிகாட்டிப் புஷ் இருக்கிறதே, அது நேராகப் பிடிக்காதா? பிடிக்கும், புஷ் தேயாமல் இருந்தால். 20 மி.மீ. நீளமுள்ள புஷ்ஷில் 0.5 மி.மீ. ஆட்டம் வந்துவிட்டால், டை சுமார் 1.4 பாகை சாய இடம் கிடைக்கிறது. மேலே சொன்ன கணக்கில் 0.68 மி.மீ. இருந்த இடத்தில் 0.3 மி.மீ. மிஞ்சும். டையைத் தீட்டவோ மாற்றவோ செலவழிக்கிறவர்கள் புஷ்ஷை மாற்றுவதாகத் தெரியவில்லை. அதில் வெட்டுமுனை இல்லாததால் தேய்மானம் கண்ணில் படுவதில்லை. தவறான அளவுப் புஷ்ஷோடு வெட்டுவதும் இதே கணக்கில்தான் வரும்.

மூன்றாவதாக, மின்மோட்டார் மரை இயந்திரத்தைக் காட்டுவார்கள். அதே வெட்டுத் துண்டுகள், அதே எண்ணெய், இன்னும் கூடுதல் வேகம். ஆனாலும் மரை சீராக வருகிறது. இயந்திரம் அச்சை விடாமல் பிடித்திருப்பதற்கு இது நல்ல சான்று. முழுச் சான்று என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் இயந்திரம் நிற்காமல் சுழல்கிறது, எண்ணெயையும் தொடர்ந்து ஊற்றுகிறது.

நேரான தொடக்கத்துக்கு வேண்டியவை எளியவை. அறுப்பு குழாய்க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். 1.6 மி.மீ. சுவரில் அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடுதான் ஏற்றது; அதில் இரண்டு பற்களாவது எப்போதும் உலோகத்தில் இருக்கும். 18 பல் பிளேடில் ஒரு பல் மட்டுமே சுவரில் நிற்பதால் அது தட்டித் தட்டிப் போய் விளிம்பைக் கோணலாக்கும். சக்கரக் கட்டர் அறுப்பை நேராகத் தரும், ஆனால் உள்ளே பிசிரையும் வெளியே ஒரு மேட்டையும் விடும். அந்த மேட்டை அரத்தால் தேய்த்துச் சரிவாக்காமல் டையை வைத்தால் அது முதல் அடியிலேயே ஒதுங்கும். பைப் வைஸை அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய குழாய் நீள்வட்டமாகும். அப்போது டை நேராக நின்றாலும் பயனில்லை. பிறகு டையின் அகன்ற நுழைவுப் பக்கம் குழாயைப் பார்த்திருக்க, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே முதல் சுற்று. 300 மி.மீ. நீளக் கைப்பிடியில் 2 பாகைச் சாய்வு என்றால் ஒரு முனை 10 மி.மீ. முன்னே தள்ளி நிற்கும். இரண்டு சுற்று முடிந்ததும் எதிரே நின்று பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு அது. மூலைமட்டம் வைத்தால் இன்னும் நல்லது.

குழாய் முட்ட வேண்டுமா, முட்டக் கூடாதா

மரபுகள் மாறியதால் விதி தலைகீழானதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. கப்ளருக்குள் இரு குழாய்களும் நடுவில் ஒன்றோடொன்று முட்ட வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் மரபு. முட்டக் கூடாது, அதற்காக ஒரு மரை குறைவாகவே வெட்டு என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். இருவரும் இணைப்பு இறுக வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். இணைமரை எதிலாவது முட்டினால்தான் இறுகும். முட்டாத வரை எத்தனை சுற்று போனாலும் ஆட்டம் உண்டு. கூம்பு மரையோ நேர்மரைக் கப்ளருக்குள் போகப் போகத் தானே இறுகும். குழாய்கள் முந்தி முட்டிவிட்டால் அந்த இறுக்கம் வருவதற்கு முன்பே நின்றுவிடும். ஓடுமரை விஷயத்திலும் இதே பிளவு. நகர முடியாத இரு குழாய்களை இணைக்க ஒன்றில் நீளமாக மரை வெட்டி, கப்ளரை அதில் முழுக்க ஏற்றிப் பின் திரும்ப ஓட்டி, செக் நட் போட்டு இறுக்குவது பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஏற்கப்பட்ட வழி. வெளியே தெரியும் மரைக்குத் துருத்தடுப்புப் பூச வேண்டும். அமெரிக்க தேசிய மின்விதி கப்ளர் இணைப்பில் ஓடுமரையை அனுமதிப்பதில்லை, தளத்தில் வெட்டும் மரைக்கும் 16க்கு 1 சரிவுள்ள டையையே கேட்கிறது.

இந்தியாவில் பல ஒப்பந்தக் குறிப்புகள் மரை நீளம் 11 முதல் 27 மி.மீ. வரை இருக்கலாம் என்று சொல்கின்றன. வரம்பு இவ்வளவு அகலமாக இருந்தால் முட்டுவதா வேண்டாமா என்ற முடிவு வெட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது. நம் குழாய் இணைமரை என்பதால் முட்ட வேண்டும் என்பதே சரி. கப்ளர் நீளத்தில் பாதி என்பதே உரிய அளவு. அமெரிக்கக் கருவியோடு வரும் குறிப்பைப் படித்து ஒரு மரை குறைப்பவர், நல்ல விதியைத் தவறான குழாயில் கடைப்பிடிக்கிறார்.

ஐந்து மரை விதியும் இப்படித்தான். வெடிக்கும் வாயு உள்ள இடங்களில் தீத்தடுப்புப் பெட்டிக்குள் ஐந்து முழு மரையாவது ஏறியிருக்க வேண்டும் என்பது பரவலாகத் தெரிந்தது. அங்குலத்துக்கு 14 மரையில் ஐந்து மரை 9 மி.மீ. ஐ.இ.சி. 60079-1 தரநிலை, இணைமரையில் ஐந்து மரையோடு, 100 கன செ.மீ.க்கு மேற்பட்ட பெட்டிக்கு 8 மி.மீ. நீளத்தையும் கேட்கிறது. 1.5 மி.மீ. இடைவெளியில் ஐந்து மரை 7.5 மி.மீ.தான். ஆகவே ஆறு மரை வேண்டும். ஆலையில் ஐந்து என்று எண்ணி நிறுத்துகிறவர் அரை மி.மீ. குறைவாக நிறுத்துகிறார்; அந்த மரையும் பிய்ந்திருந்தால் சுடர் வெளியேறும் பாதை இன்னும் சுருங்கும்.

சுத்தமான மரை எதற்காக

பிளம்பரின் மரை கசியாமல் இருந்தால் போதும். சணலும் பூச்சும் அதன் குறைகளை மூடிவிடும். கண்டியூட் மரைக்கு அந்தச் சலுகை இல்லை. மின்கசிவு நேர்ந்தால் பெரு மின்னோட்டம் அந்த மரையின் பக்கங்கள் வழியாகத்தான் திரும்ப வேண்டும். 20 மி.மீ. குழாயின் எஃகுக் குறுக்குவெட்டு சுமார் 92 சதுர மி.மீ.; மரையின் அடியில் அது 37 ஆகக் குறைகிறது. இந்தச் சுருக்கம் சில மில்லிமீட்டர் நீளத்துக்குத்தான் என்பதால் அதுவே பெரிய தடை அல்ல. தடை வருவது தொடுபரப்பில். சாய்ந்த மரை சுற்றுவட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும் தொடும். பிய்ந்த மரை முகடுகளில் மட்டும் தொடும். ஆர்.எச். காஃப்மன் 1954இல் வெளியிட்ட சோதனைகள், குழாய்க்கு வெளியே தனியாக ஓட்டிய எர்த் கம்பியைவிடக் கண்டியூட்டையே பிழைமின்னோட்டம் நாடுகிறது என்று காட்டின. 1994இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு, எஃகுக் கண்டியூட்டைத் திரும்பு பாதையாகக் கணக்கிடும் முறையை வகுத்தது. இரண்டும் நன்றாக இறுகிய இணைப்பை அடிப்படையாகக் கொண்டவை. மரை கெட்ட இணைப்புக்கு அவற்றின் முடிவுகளை நீட்ட முடியாது.

தனி எர்த் கம்பி குழாய்க்குள் ஓடும்போது மரை எப்படி இருந்தால் என்ன என்பது இங்கே அடிக்கடி எழும் எதிர்வாதம். கம்பி இருப்பது நல்லதே. ஆனால் குழாயும் தொடக்கூடிய உலோகம்தான். நடுவில் தொடர்பு அறுந்த ஒரு துண்டில் கம்பியின் உறை உரசிக் கசிந்தால் அந்தத் துண்டு முழுவதும் மின்னேறி நிற்கும். கம்பியின் உறை உரசுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடமும் பிசிர் எடுக்காத மரை முனையே. பிசிரை எடுக்கும் ரீமரை மரைக்கு முன் போடுவதா பின் போடுவதா என்ற வாதத்தை இங்கே நீட்ட வேண்டியதில்லை. டை முனையை உள்நோக்கி நெருக்கிப் புதுப் பிசிர் உண்டாக்குவதால் வெட்டிய பிறகு எப்படியும் ஒருமுறை லேசாகப் போட வேண்டும்.

இணைப்பில் எதைப் பூசுவது என்பதில் அமெரிக்க விதி தெளிவானது: துரு அரிக்கும் இடத்தில் தளத்தில் வெட்டிய மரைக்கு, மின்சாரம் கடத்தும் துருத்தடுப்புப் பசை. பிளம்பரின் டெஃப்லான் டேப்பை இங்கே சுற்றுகிறவர்கள், இறுக்கும்போது மரை டேப்பை அறுத்துக்கொண்டு உலோகத்தைத் தொட்டுவிடும் என்கிறார்கள். நல்ல மரையில் ஓரளவு அப்படி நடக்கலாம். முகட்டில் மட்டும் தொடும் கெட்ட மரையில் எதை நம்புவது?

இன்னும் முடியாதவை

கை வேகத்தில், கண்டியூட் எஃகில், எண்ணெய்களை நேருக்கு நேர் ஒப்பிட்டு அளக்க வேண்டிய வேலை மிச்சமிருக்கிறது. அது வரும்வரை கொழுப்பெண்ணெய்க்கான வாதம் கோட்பாட்டையும் நீண்ட பழக்கத்தையும் நம்பியே நிற்கும். துத்தநாகப் பூச்சுள்ள குழாய் இன்னொரு சிக்கல். வெட்டும்போது மென்மையான துத்தநாகம் டையின் வாயை அடைக்கிறது. வெட்டிய இடத்தில் வெறும் எஃகு திறந்து நிற்கிறது. தூத்துக்குடி, எண்ணூர் போன்ற கடலோரத் தொழிற்பகுதிகளில் எந்தப் பூச்சு எத்தனை ஆண்டு தாங்கும், அதே காலத்தில் மின்தொடர்பு எவ்வளவு கெடும் என்பதற்கு ஒரே விடை சொல்ல முடியாது. வீடுகளில் பி.வி.சி. குழாய் வந்து கை டையை ஓரங்கட்டியதால் இந்தக் கேள்விகள் சுருங்கிவிட்டன என்றும் வாதிடலாம். ஆலைகளும் ஆபத்தான வாயு உள்ள இடங்களும் எஃகைக் கைவிடாத வரை அந்த வாதம் பாதிதான் சரி.

தொடக்கத்தின் நேர்மையே பெரும்பங்கு என்ற முடிவுக்கும் வரம்பு உண்டு. அது 1.6 மி.மீ. சுவரும் 1.5 மி.மீ. மரையும் உள்ள குழாய்க்குத்தான் இந்த அளவு வலுவாகப் பொருந்தும். தடித்த குழாயில் மற்றக் காரணங்களின் எடை கூடும். ஆனால் நம் கட்டடங்களில் போடப்படுவது பெரும்பாலும் மெல்லிய குழாய்தான். ஒப்பந்தக் குறிப்புகளில் 11 முதல் 27 மி.மீ. என்ற அகன்ற நீள வரம்புக்குப் பதிலாகக் கப்ளரில் பாதி நீளமும், முனைக்கு, மரையைச் சரிபார்க்கும் ரிங் கேஜ் சோதனை ஒன்றும், புஷ் ஆட்டத்துக்கு ஒரு வரம்பும் எழுதினால் செலவு கூடாது. கண்காணிக்கும் பொறியாளருக்கும் எதைப் பார்ப்பது என்று தெரியும். அதுவரை 20 மி.மீ. குழாயில் இரண்டு சுற்று முடிந்து கைப்பிடி 10 மி.மீ. சாய்ந்திருந்தால், மேலே வெட்டாமல் அந்த முனையை அறுத்துத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.